சித்திரை வெயிலையும் தாங்கும் ஓவர்க்ளாக்

கம்ப்யூட்டர் புராசஸரை, அதைத் தயாரித்த நிறுவனம் உறுதி தந்திருக்கும் வேகத்துக்கு மேலே ஓட்டுவதற்கு ஓவர்க்ளாக்கிங் என்று பெயர். புதிதாக எதையும் வாங்காமல் கூடுதல் வேகம் கிடைக்கிறது என்பதுதான் அதன் கவர்ச்சி. அந்த வேகத்துக்கும் விலை உண்டு. கூடுதல் மின்சாரம், கூடுதல் வெப்பம், புராசஸரின் ஆயுளில் ஒரு பங்கு ஆகியவைதான் அந்த விலை. அளந்து கொடுத்தால் கட்டுப்படியாகும். அளக்காமல் கொடுத்தால் நல்ல புராசஸர் ஒன்று வீணாகும்.

தண்ணீர் கூலிங் எதுவும் இல்லாமல், ஹீட்சிங்க்கும் ஃபேனும் மட்டும் உள்ள ஏர் கூலரை வைத்து இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும். நம் ஊரில் செய்பவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் காணும் வெப்பநிலை எண்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறைகளில் எடுத்தவை. மே மாதத்தில், வேலூரிலோ மதுரையிலோ, ஏசி இல்லாத அறையில் அந்த எண்கள் செல்லாது. வருடத்தின் மிக வெப்பமான நாளில், மிகக் கடினமான வேலையைக் கொடுத்தாலும் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடும் வேகம் எதுவோ, அதுதான் உங்கள் கம்ப்யூட்டரின் உண்மையான வேகம்.

கூடுதல் வேகம் எங்கிருந்து வருகிறது?

புராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு. இன்றைய கம்ப்யூட்டர்களில் இது 100 மெகாஹெர்ட்ஸ். மற்றொன்று மல்டிபிளையர். மல்டிபிளையர் 45 என்றால் வேகம் 4500 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.5 கிகாஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பை மாற்றினால் போர்டின் மற்ற பாகங்களும் பாதிக்கப்படலாம். அதனால் இன்று பெரும்பாலும் மல்டிபிளையரைத்தான் கூட்டுகிறார்கள்.

ஒரே வார்ப்பில் செய்த சிப்புகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. சில அதிக வேகம் தாங்கும், சில தாங்காது. தயாரிப்பாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார். தூசி அடைத்த கேபினெட்டிலும், மலிவான கூலரின் கீழும், பல வருடங்கள் தவறாமல் ஓட வேண்டும் என்பதற்காக ஓர் இடைவெளி விட்டுத்தான் வேகத்தை அறிவிக்கிறார். ஓவர்க்ளாக் செய்பவர் எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான்.

ஒரு காலத்தில் அது மிகப் பெரிதாக இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5-ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. துடிப்பை 100 ஆக்கினால் பல சிப்புகள் அப்படியே 450-ஐத் தொட்டன. 2011-இல் வந்த கோர் ஐ5-2500கே-யின் அறிவிக்கப்பட்ட வேகம் 3.3, டர்போவில் (புராசஸர் தானாகவே எட்டும் உச்ச வேகத்தில்) 3.7 கிகாஹெர்ட்ஸ். ஒரு நல்ல ஏர் கூலரோடு அதை 4.5 வரை கொண்டுபோனவர்கள் ஏராளம்.

இன்று அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. தயாரிப்பாளர்களே அதை எடுத்துப் பயன்படுத்திவிடுகிறார்கள். கோர் ஐ9-14900கே-யின் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் பூஸ்ட்டில் தானாகவே 6.0 வரை போகிறது. ஆகவே புதிய புராசஸரில் பெரிய தாவலை எதிர்பார்க்க வேண்டாம். நாலைந்து சதவீதம் கிடைத்தாலே நல்ல பலன். பழைய புராசஸர் வைத்திருப்பவருக்குத்தான் லாபம் அதிகம்.

வெப்பத்தின் கணக்கு

வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் புராசஸர் தடுமாறும். அதற்குமேல் போக வோல்ட்டேஜையும் கூட்ட வேண்டும். செலவு எகிறுவது இங்கேதான். புராசஸர் இயங்கும்போது எரிக்கும் மின்சாரம், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 1.20 வோல்ட்டில் 100 வாட் எரிக்கும் புராசஸர் ஒன்று. வேகத்தை 10 சதவீதம் கூட்டுகிறோம், அதற்காக வோல்ட்டேஜையும் 10 சதவீதம் கூட்டி 1.32 ஆக்குகிறோம். வோல்ட்டேஜின் வர்க்கம் 1.21 மடங்கு, வேகம் 1.1 மடங்கு. பெருக்கினால் 1.33. பத்து சதவீத வேகத்துக்காக மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெப்பம்.

ஏர் கூலர் புராசஸரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே ஒருபோதும் கொண்டுபோகாது. அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறன். நம் கூலர் 100 வாட்டுக்கு 40 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 133 வாட்டுக்கு ஏறத்தாழ 53 டிகிரி மேலே நிறுத்தும். அறை 22 டிகிரி என்றால் புராசஸர் 75-இல் நிற்கும். அதே கம்ப்யூட்டர் 36 டிகிரி அறையில் 89-ஐத் தொடும். மார்கழியில் செய்த சோதனையை நம்பி சித்திரையில் ஓட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

புராசஸர் தன் உச்ச வெப்பநிலையைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல்லின் அண்மைத் தலைமுறைகள் பலவற்றில் அந்த உச்சம் 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் 95. அதையும் தாண்டினால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். ஆகவே வெப்பத்தால் மட்டும் புராசஸர் அன்றைக்கே கருகுவது அரிது. ஆனால் வேகம் குறைந்துவிட்டால் ஓவர்க்ளாக் செய்ததற்கே அர்த்தம் இல்லை.

மெதுவாக நடக்கும் சேதம்தான் கவலைக்குரியது. புராசஸருக்குள் உள்ள நுண்ணிய உலோகக் கம்பிகளில் பாயும் மின்னோட்டம், ஆற்று வெள்ளம் கரையை அரிப்பதுபோல அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயர்க்கிறது. வெப்பமும் மின்னோட்டமும் கூடக்கூட இந்த அரிப்பும் வேகமெடுக்கும். அதிக வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டர்களையும் முதுமையாக்கும். இன்று 1.25 வோல்ட்டில் ஓடும் வேகத்துக்கு ஒரு வருடம் கழித்து 1.30 தேவைப்படுவது அதன் அடையாளம்.

இது அச்சுறுத்துவதற்காகச் சொல்வது அல்ல. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் பல, ஓவர்க்ளாக் செய்யாமலேயே நிலைகுலைந்தன. மிகையான வோல்ட்டேஜால் உள்ளே ஒரு பகுதி விரைவில் முதுமையடைகிறது என்று 2024-இல் நிறுவனமே விளக்கி, வோல்ட்டேஜுக்கு உச்சவரம்பு வைக்கும் திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. அதற்கு முந்தைய வருடம் ரைசன் 7000எக்ஸ்3டி புராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகியபோது, புராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜை 1.3-க்கு மேல் போகாமல் ஏஎம்டி கட்டுப்படுத்தியது. இரண்டு நிகழ்வுகளிலும் குற்றவாளி வோல்ட்டேஜ்தான். நாம் கையால் மாற்றப்போவதும் அதையேதான்.

எந்தப் புராசஸர், எந்தப் போர்டு?

எல்லாப் புராசஸரிலும் மல்டிபிளையரை மாற்ற முடியாது. இன்டெல்லில் பெயரின் இறுதியில் ‘கே’ உள்ளவையும், அவற்றோடு இசட் வரிசைச் சிப்செட் கொண்ட மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் டெஸ்க்டாப் புராசஸர்கள் பெரும்பாலும் திறந்தவை. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி போன்ற சில விலக்குகள் உண்டு. போர்டு பி450, பி550, பி650 போன்ற பி வரிசையிலோ எக்ஸ் வரிசையிலோ இருக்க வேண்டும். ஏ320, ஏ520 போர்டுகளில் இந்த வசதி இல்லை.

புராசஸர் சாக்கெட்டை ஒட்டியுள்ள விஆர்எம் பகுதியைப் பாருங்கள். மின்சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் புராசஸருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுப்பது அதுதான். அதன்மீது ஹீட்சிங்க் எதுவும் இல்லாத மலிவான போர்டில் எட்டு கோர் புராசஸரை ஓவர்க்ளாக் செய்ய வேண்டாம். புராசஸர் குளிர்ச்சியாக இருக்கும்போதே விஆர்எம் கொதித்து வேகத்தைக் கீழே இழுத்துவிடும். மின்சப்ளையும் பெயர் பெற்ற, தரச் சான்றுள்ள ஒன்றாக இருக்கட்டும்.

கூலரும் காற்றும்

டவர் வகை ஏர் கூலருக்கு உயிர் அதன் செம்புக் குழாய்கள். குழாய்க்குள் காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு நீர்மத்தை அடைத்திருப்பார்கள். புராசஸரின் சூட்டில் அது ஆவியாகி மேலே போகும், அலுமினியத் தகடுகளில் வெப்பத்தை விட்டுவிட்டுக் குளிர்ந்து நீர்மமாகும், குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற பூச்சு வழியாகத் திரும்பி வரும். பம்ப் கிடையாது, கசிவு பயம் கிடையாது. கெட்டுப்போகக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதையும் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். வெப்பமும் தூசியும் உள்ள ஊருக்கு ஏர் கூலர் நம்பகமான தேர்வு.

புராசஸர் பெட்டியோடு வரும் சிறிய கூலர் ஓவர்க்ளாக்குக்குப் போதாது. 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலராவது வேண்டும். எட்டு கோருக்கு மேல் போனால் இரட்டை டவர் நல்லது. வாங்குமுன் கேபினெட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர். பக்கக் கதவு மூடாமல் போகலாம், ரேம் குச்சியில் ஃபேன் இடிக்கலாம்.

பொருத்தும்போது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்க வேண்டாம். தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும், பெரிய புராசஸருக்குக் கொஞ்சம் கூடுதல். ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினால் அழுத்தம் சமமாக விழும். ஊசிகள் புராசஸரிலேயே இருக்கும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டில் பழைய கூலரைக் கழற்றும்போது முதலில் கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் புராசஸரும் ஊசிகளோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரலாம்.

கூலரின் ஃபேன், காற்றைக் கேபினெட்டின் பின்பக்க ஃபேனை நோக்கித் தள்ள வேண்டும். முன்பக்கம் உள்ளே இழுக்க இரண்டு, பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று என்பது நல்ல அமைப்பு. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினெட்டில் எவ்வளவு விலையுயர்ந்த கூலரும் தன் சூட்டையே திரும்பச் சுவாசிக்கும். கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டியோ மேசை அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். தூசி வலையை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

கைவைக்கும் முன்

முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். நிலையில்லாத ஓவர்க்ளாக் கோப்புகளையும், சில சமயம் விண்டோஸையே கூடவும் சிதைக்கும். அடுத்து, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வைத்திருப்பவருக்கு இது கட்டாயம். புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் போர்டு செயலிழக்கக்கூடும் என்பதால் யுபிஎஸ் இணைத்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பிறகு மாற்றம் எதுவும் செய்யாத நிலையில் அளவெடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வெப்பநிலை, வோல்ட்டேஜ், வாட் எல்லாவற்றையும் காட்டும். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டி மதிப்பெண்ணையும், அப்போதைய அறை வெப்பநிலையையும் ஒரு நோட்டில் குறியுங்கள். சாதாரண வேகத்திலேயே 90 டிகிரியைத் தொட்டால் ஓவர்க்ளாக் எண்ணத்தை ஒத்திவைத்துவிட்டுக் கூலரைச் சரிபாருங்கள். ரைசன் 7000 வரிசையில் பல புராசஸர்கள் இதற்கு விலக்கு. முழுச்சுமையில் 95 வரை ஏறி அங்கேயே நிற்கும்படி அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

பயாஸ் அமைப்பு தவறிப்போய்க் கம்ப்யூட்டர் எழும்பாவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள வட்டமான சிறு பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். இதற்கென்றே தனிப் பட்டனோ ஜம்பரோ உள்ள போர்டுகளும் உண்டு.

படிப்படியாக

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளை அணைத்துவிட்டுத் தொடங்கினால், பிழை வரும்போது அது புராசஸரின் பிழை என்று உறுதியாகச் சொல்லலாம்.

1. பயாஸில் வோல்ட்டேஜை ‘ஆட்டோ’விலிருந்து கைமுறைக்கு மாற்றுங்கள். மல்டிபிளையரைக் கூட்டி வோல்ட்டேஜை ஆட்டோவிலேயே விட்டால், சில போர்டுகள் தேவைக்கு மிக அதிகமாக ஊட்டிவிடும். போர்டில் உள்ள ஒரே தட்டில் ஓவர்க்ளாக் செய்யும் வசதியையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கலாம்.

2. முழுச்சுமையில் புராசஸர் இயல்பாக எடுத்துக்கொண்ட வோல்ட்டேஜையே தொடக்கமாக வையுங்கள். மல்டிபிளையரை ஒன்று மட்டும் கூட்டுங்கள். அது 100 மெகாஹெர்ட்ஸ்.

3. விண்டோஸுக்குள் போய், அடுத்த பகுதியில் சொல்லும் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தாங்கினால் இன்னும் ஒன்று கூட்டுங்கள்.

4. உறைந்தாலோ, நீலத் திரை வந்தாலோ, சோதனை பிழை காட்டினாலோ, வோல்ட்டேஜை 0.01 முதல் 0.02 வரை மட்டும் கூட்டி மறுபடி பாருங்கள்.

5. வெப்பநிலை, வோல்ட்டேஜ் இரண்டில் எது முதலில் எல்லையைத் தொட்டாலும் அங்கே நில்லுங்கள். பிறகு ஒரு படி கீழே இறங்குங்கள்.

எல்லை எது? அண்மைக்காலப் புராசஸர்களுக்கு, எல்லாக் கோர்களும் ஒரே நிலையான வோல்ட்டேஜில் ஓடும்போது 1.30 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம் என்பது என் பரிந்துரை. கடுமையான சோதனையில் 85 டிகிரி, அன்றாட வேலையிலும் விளையாட்டிலும் 75 டிகிரி. இவை நிதானமான எண்கள். இதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு, ஆனால் ஐந்தாறு வருடம் ஓட வேண்டிய கம்ப்யூட்டருக்கு இதுவே போதும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல ரைசன் புராசஸர்களைச் சும்மா விட்டாலே மென்பொருளில் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதைப் பார்த்து, ‘1.4 கொடுத்தால் தவறில்லை’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த 1.4 ஒன்றிரண்டு கோர்கள் சிறிய மின்னோட்டத்தில் சில நொடிகள் மட்டும் பூஸ்ட் ஆகும்போது வருவது. முழுச்சுமை வந்ததும் புராசஸரே அதைக் குறைத்துக்கொள்ளும். அதே 1.4-ஐ எல்லாக் கோர்களுக்கும் நிரந்தரமாகப் பூட்டிவைப்பது புராசஸரை அரித்துத் தின்னும்.

பயாஸில் லோட்-லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பும் இருக்கும். சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் சற்றுத் தாழ்வது இயல்பு, அதைத் தடுப்பது இது. நடுத்தர நிலையில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால், சுமை சட்டென்று நீங்கும் கணத்தில் வோல்ட்டேஜ் குறித்த அளவுக்கு மேலே துள்ளும். அந்தத் துள்ளல் மென்பொருளின் கண்ணில் படாது.

சோதித்துப் பார்ப்பது

பிரைம்95 என்ற மென்பொருள் மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. அதன் சோதனை முறையில் சரியான விடைகள் முன்பே தெரிந்தவை. புராசஸர் போடும் கணக்கில் ஓர் இலக்கம் பிசகினாலும் சோதனை நின்று காட்டிக்கொடுக்கும். ஓசிசிடி என்ற மென்பொருளும் இதுபோலப் பிழையைப் பிடிக்கும். இடைப்பட்ட படிகளுக்குப் பத்து நிமிடச் சோதனை போதும். இறுதி வேகத்தை முடிவு செய்யச் சில மணிநேரமாவது ஓட்டுங்கள். சோதனை ஓடும்போது முதல் சில நிமிடங்கள் பக்கத்திலேயே இருந்து வெப்பநிலையைக் கவனியுங்கள்.

அதோடு முடிந்துவிடாது. உங்கள் சொந்த வேலையையும் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். வீடியோ எடிட்டிங், விளையாட்டு, பெரிய கோப்புகளைச் சுருக்கி விரித்தல் எல்லாம் வெவ்வேறு விதமாகப் புராசஸரைச் சோதிக்கும். விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ என்று தொடங்கும் எச்சரிக்கைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடினாலும் உள்ளே பிழைகள் நடக்கின்றன என்று பொருள். நீலத் திரை வந்தால் உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஒரு கோப்பில் விழும் தவறு மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

குளிர்ந்த இரவில் செய்த சோதனையை வெயில் நாளின் மதியத்தில் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். ஏசி போட்ட அறையாக இருந்தாலும் அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அதிலும் தேறினால் அந்த வேகத்தை வைத்துக்கொள்ளலாம். கடைசியாக ரேமின் எக்ஸ்எம்பியை இயக்கி இன்னொரு முறை சோதியுங்கள்.

வோல்ட்டேஜைக் குறைத்தும் வேகம் பெறலாம்

புதிய புராசஸர் வைத்திருப்பவருக்கு ஏர் கூலரோடு நன்றாகப் பொருந்தும் வழி இது. இன்றைய புராசஸர்கள் வெப்பமும் வாட்டும் அனுமதிக்கும் வரை தாமாகவே வேகமெடுப்பவை. அதே வேகத்துக்குத் தேவையான வோல்ட்டேஜைச் சற்றுக் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் பூஸ்ட் இன்னும் மேலே, இன்னும் நெடுநேரம் நிற்கும்.

ரைசன் 5000-லும் அதற்குப் பிந்தைய பல புராசஸர்களிலும் பயாஸின் பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி உண்டு. எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று தொடங்குங்கள். ஒவ்வோர் எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைப்பு. தாங்கினால் ஐந்து ஐந்தாகக் கூட்டி மைனஸ் 20, 25 வரை பார்க்கலாம். இங்கே தடுமாற்றம் முழுச்சுமையைவிட, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் ஒரே கோர் ஓடும்போதும்தான் அதிகம் வரும். ஆகவே கோர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இன்டெல்லில் வோல்ட்டேஜ் ஆஃப்செட்டை 0.02, 0.03 என்று குறைத்துப் பார்க்கலாம்.

யாருக்கு வேண்டாம்?

ஓவர்க்ளாக்கால் வந்த சேதத்துக்குப் புராசஸரின் சாதாரண உத்தரவாதம் பொருந்தாது. பிபிஓ-வும் அந்தக் கணக்கில்தான் சேரும். கடைக் கணக்கு, அலுவலகச் சர்வர், ஆய்வுக் கணக்கீடு என்று ஒரு பிழைகூட வரக் கூடாத கம்ப்யூட்டரில் இதைச் செய்யாதீர்கள். விளையாட்டு வேகம் போதவில்லை என்றால், தடை புராசஸரா கிராபிக்ஸ் கார்டா என்று முதலில் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதச் சுமையில் திணறிக்கொண்டிருந்தால் புராசஸரை எவ்வளவு முடுக்கினாலும் பலன் தெரியாது.

மற்றவர்கள் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் எப்படி மின்சாரத்தை வேகமாகவும் வெப்பமாகவும் மாற்றுகிறது என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் பாடம் வேறில்லை. கடைசி 100 மெகாஹெர்ட்ஸை விரட்டாதீர்கள். அதற்குத்தான் அதிக வோல்ட்டேஜும் அதிகச் சூடும் தேவைப்படும், வேலையில் அதன் பலன் உங்கள் கண்ணுக்கே தெரியாது. அந்த ஒரு படியை விட்டுக்கொடுத்தால், இன்று அமைத்த வேகத்தைப் பல வருடம் கழித்தும் தொடாமலே ஓட்டலாம்.